ஈசாக்கின் செவி

ஐம்பொறிகளுள் செவிக்குத் திருவிவிலியம் தனிச்சிறப்பு அளிக்கிறது. நம்பிக்கை பிறக்கும் வாயிலாகத் திருத்தூதர் பவுல் கேட்டலையே காட்டுகிறார். புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்குமுறை, செவிசாய்க்க அழைக்கும் சொல்லோடுதான் தொடங்குகிறது. ஆனால், கேட்பது அவ்வளவு எளிதா? செவியில் விழுவதைக் கேட்கிறோமா, கேட்க விரும்புவதைக் கேட்டுக்கொள்கிறோமா? எங்கள் இல்லத்தில் இந்த வினாவை எழுப்பிவிட்டவை இரண்டு பழைய ஸ்டீரியோ ரிசீவர்கள்.

வானொலியைப் பிடிக்கும் ட்யூனர், இசைத்தட்டின் மெல்லிய ஒலிக்குறிகளைத் திருத்தி உயர்த்தும் பகுதி, ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் ஆகிய மூன்றும் ஒரே பெட்டியில் அமைந்த கருவியே ரிசீவர். 1961இல் அமெரிக்காவில் பண்பலை வானொலி ஸ்டீரியோ முறையில் ஒலிபரப்பத் தொடங்கிய பின் இது இல்லங்களில் நிலைபெற்றது. 1970களில் ஜப்பானிய நிறுவனங்களிடையே எழுந்த போட்டியில் இதன் திறனும் எடையும் ஆண்டுக்கு ஆண்டு ஏறின. 1978இல் வந்த பயனியர் எஸ்எக்ஸ்-1980 ஒவ்வொரு பக்கத்துக்கும் 270 வாட் திறன் கொண்டது. அதைத் தூக்கி வைக்க இருவர் வேண்டும்.

எங்களிடம் இருந்தவை எளியவை. எங்களுள் ஒருவரின் தந்தை சரக்குக் கப்பலில் பணியாற்றியவர். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் அவர் வாங்கிய மராண்ட்ஸ் 2230, பக்கத்துக்கு 30 வாட். மற்றவரின் தந்தை குவைத்தில் உழைத்துத் திரும்பியபோது கொண்டுவந்த பயனியர் எஸ்எக்ஸ்-780, பக்கத்துக்கு 45 வாட். தந்தையர் இருவரும் இறைவனடி சேர்ந்துவிட்டனர், கருவிகள் எஞ்சின. பணி ஓய்வுக்குப்பின் சிறிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. மராண்ட்ஸின் ஒலியில் கனிவு மிகுதி என்றார் ஒருவர். பயனியரின் ஒலியில் தெளிவு மிகுதி என்றார் மற்றவர். ஒரு வாரம் உணவு வேளையில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. அடுத்த வாரம் பேச்சே இல்லை. ஒவ்வொருவரும் தம் தந்தைக்காக வாதாடினோம் என்பதை இருவருமே அறிந்திருந்தோம். வாய்விட்டுச் சொல்லத்தான் மனம் வரவில்லை.

முறையாக ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று வழி சொன்னவன் எங்கள் மகன். முதலில் இரண்டையும் பழுது பார்த்தோம். நாற்பது ஆண்டு கடந்த கருவியில் மின்னாற்பகுப்பு வகைக் கண்டென்சர்கள் உலர்ந்து தளர்ந்திருக்கும். வால்யூம் குமிழுக்குள் தூசும் துருவும் படிந்து, திருகும்போது கரகரக்கும். நோயுற்றவரை நலமுள்ளவரோடு ஓடவிட்டு வெற்றி தோல்வி கூறுவது அறமாகாது. பழுது நீங்கியதும் மராண்ட்ஸின் ஒலி துலங்கிற்று. நாங்கள் கனிவு என்று பேசிவந்ததில் ஒரு பங்கு முதுமையின் மங்கலாகவும் இருந்திருக்கிறது.

அடுத்தது இன்றியமையாத வேலை: ஒலியளவைச் சமன் செய்தல். இரு ஒலிகளுள் ஒன்று மிகச் சிறிதளவு உரத்திருந்தால், அது உரத்தது என்று நம் செவி சொல்வதில்லை. அது நல்லது என்றே சொல்கிறது. கடைக்காரர் ஒரு குமிழைச் சற்றே கூட்டி வைத்தால் போதும். வாங்க வந்தவர் அந்தக் கருவியையே தேர்ந்தெடுப்பார். எனவே சீரான ஒரு சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டிலும் சரியாக 2 வோல்ட் வரும்வரை குமிழ்களைத் திருத்தினோம். 8 ஓம் ஸ்பீக்கரில் 2 வோல்ட் என்பது வெறும் அரை வாட். ஆயினும் கூடம் நிறைந்தது! 30 வாட்டுக்கும் 45 வாட்டுக்கும் உள்ள இடைவெளி இரண்டு டெசிபலுக்கும் குறைவு. அதுவும் முழுத்திறனில் முழங்கச் செய்தால் மட்டுமே தெரியும்.

'லவுட்னஸ்' பொத்தானையும் இரண்டிலும் அணைத்தோம். ஒலி தாழும்போது மனிதச் செவி அடித்தொனிகளை முதலில் இழக்கிறது என்று 1933இல் ஃப்ளெட்சர், மன்சன் என்னும் இரு அமெரிக்க அறிவியலர் அளந்து காட்டினர். அக்குறையை ஈடுசெய்யவே அப்பொத்தான். ஒன்றில் மட்டும் அது அழுந்தியிருந்தால் தீர்ப்பு முன்னரே கோணிவிடும்.

பிறகு திரை. ஒரே சி.டி. பிளேயரின் ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுத்தோம். ஒன்றைத் துண்டித்த பின்னரே மற்றதை இணைக்கும் சுவிட்சைத் திரைக்குப்பின் மகன் இயக்கினான். எது ஒலிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டி முடிவு செய்தான். சொலெம் மடத்துத் துறவியரின் கிரகோரியப் பண், எஸ். பாலச்சந்தரின் வீணை, ஒரு மறையுரை என மூன்றையும் கேட்டோம். இருபது சுற்றுகள் முடிந்தன. எங்கள் இருவர் விடைகளிலும் ஏறத்தாழப் பாதி சரி, பாதி தவறு. நாணயத்தைக் கேட்டிருந்தாலும் அவ்வளவே சொல்லியிருக்கும். அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழ் 1987இல் வெளியிட்ட இத்தகைய தேர்வும் இதே முடிவைத்தான் தந்தது. அதில் மலிவான ரிசீவர் முதல் மிக விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயர் வரை இடம்பெற்றிருந்தன.

வேறுபாடே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. தொலைவிலுள்ள பண்பலை நிலையத்தைப் பயனியர் இரைச்சலின்றிப் பிடித்தது, மராண்ட்ஸ் தடுமாறியது. மராண்ட்ஸில் நடுத்தொனிக்கெனத் தனிக் குமிழ் உண்டு. இசைத்தட்டைக் கேட்கையில் அது உதவியது. இவையெல்லாம் உண்மையான வேறுபாடுகள். ஆனால் ஸ்பீக்கரைச் சுவர் மூலையிலிருந்து ஒரு முழம் நகர்த்தியபோது ஏற்பட்ட மாற்றம், ஒரு ரிசீவரை நீக்கி மற்றதை வைத்ததால் ஏற்பட்டதைக் காட்டிலும் பெரிது. நாங்களோ அந்த மூலையைப்பற்றி ஒருநாளும் வாதிட்டதில்லை. அங்கே எவருடைய தந்தையும் இல்லையன்றோ!

அன்றிரவு தொடக்கநூலில் வரும் முதியவர் ஈசாக்கை நினைத்துக்கொண்டோம். பார்வை மங்கிய அவர்முன் யாக்கோபு, ஏசாவின் உடையணிந்து, ஆட்டுத்தோல் போர்த்திய கைகளுடன் நிற்கிறான். குரல் யாக்கோபுடையது என்பதை ஈசாக்கின் செவி சரியாகவே கேட்டுவிடுகிறது. ஆயினும் அவர் கையால் தடவிப் பார்க்கிறார். உரோமம் அடர்ந்த தோலைக் கை நம்புகிறது. செவி அறிந்த உண்மை தள்ளப்படுகிறது. அவருக்குக் கை செய்ததை எங்களுக்குக் கண் செய்தது. மராண்ட்ஸின் நீல ஒளியைக் கண்டதும் ஒருவருக்குக் கப்பலிலிருந்து திரும்பிய தந்தை தெரிந்தார். பயனியரின் முகப்பில் ஆடும் முட்களைக் கண்டதும் மற்றவருக்குப் பாலைவன வெயிலில் உழைத்த தந்தை தெரிந்தார். கனிவும் தெளிவும் அவர்களுடையவை. அந்த அன்பு பொய்யன்று. அதன் பெயர்தான் வேறு.

பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டபின் முடிவெடுப்பது கடினமாக இருக்கவில்லை. பண்பலையை நன்கு பிடிப்பதாலும், 120 வோல்ட் கருவியான மராண்ட்ஸைப்போல் தனி டிரான்ஸ்ஃபார்மர் கேட்காததாலும் பயனியர் எங்களோடு தங்கியது. மராண்ட்ஸ் உடன்பிறந்தவர் இல்லத்துக்குச் சென்றது. அது வண்டியில் ஏறியபோது ஒருவர் கண் கலங்கியது உண்மை. ஆனால் அந்தக் கண்ணீரில் தோல்வி இல்லை. மற்றவரிடம் வெற்றிப் பெருமிதமும் இல்லை. விட்டுக்கொடுத்தவர் தம் தந்தையை விட்டுக்கொடுக்கவில்லை என்பதை இருவரும் அறிந்திருந்தோம்.

பெட்டிகளைச் சீர்தூக்க இத்தனை கவனம் தேவையென்றால், மனிதரைச் சீர்தூக்க எவ்வளவு தேவை! பங்குப் பேரவையிலும் அன்பியக் கூட்டத்திலும் உரத்துப் பேசுபவரின் கருத்து நல்ல கருத்தாகவே நம் செவிக்குப் படுகிறது. பின்வரிசையில் ஓர் ஏழைக் கைம்பெண் தாழ்ந்த குரலில் சொல்வது கூட்டக் குறிப்பில் ஏறுவதே இல்லை. பேசுபவர் எந்தக் குடும்பம், எந்தத் தெரு என்று கண் முதலில் அளந்து கொடுத்த பின்னரே செவி வேலையைத் தொடங்குகிறது. தளர்ந்த முதியவரின் தயக்கத்தை அறியாமை என்று எளிதில் எழுதிவிடுகிறோம். தீர்ப்பிடுமுன் பழுதை நீக்குவதும், குரல்களைச் சமன் செய்வதும், பெயர்களுக்குத் திரையிடுவதும் இசை கேட்போருக்கு மட்டும் உரிய ஒழுங்கு அன்று. அவை நீதியின் ஒழுங்கு; அன்பின் ஒழுங்கும் அவையே. தாழ்ந்த குரலுக்கு நம் கையால் சற்றே அளவைக் கூட்டிக் கொடுப்போம். அதன்பின் கேட்போம். சொல்ல வேண்டியது அதனிடமும் உண்டு.