பக்கமலை முதல் சுண்ணாம்பாறு வரை

செஞ்சிக்கு மேற்கே பக்கமலைக் குன்றுகளில் பிறக்கும் சங்கராபரணி, செஞ்சிக்காரர்களுக்கு வராக நதி. கடலை நெருங்குகையில் சுண்ணாம்பாறு. மொத்த நீளம் 80 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் 250 கோடி ஆண்டுப் பழம்பாறையில் தொடங்கி, போன மழைக்கு வந்த வண்டலில் முடிகிறது. கரையோர ஊர்களின் பிழைப்பும் காலடி மண்ணுக்கேற்ப மாறிக்கொண்டே வருகிறது.

செஞ்சி வட்டாரம் முழுக்கக் கருங்கல். கோட்டை கட்டத் தோதான அந்தப் பாறை, தண்ணீர் விஷயத்தில் மகா கஞ்சன். விழுந்த மழை வழிந்தோடிவிடும். விரிசலில் தங்குவதுதான் கிணற்றுக்கு. ஆகவே அங்கே ஏரிப்பாசனம், இல்லையேல் மானாவாரி மல்லாட்டை (நிலக்கடலை). வீடூரில் தொண்டியாறு வந்து கலக்குமிடத்தில் 1959இல் அணை எழும்பியது. அதை நம்பியிருக்கும் 3,200 ஏக்கரில் 1,000 ஏக்கர் புதுச்சேரியைச் சேர்ந்தது. மாநில எல்லை நிலத்தில்தான், தண்ணீருக்கு இல்லை.

அணைக்குக் கீழே திருவக்கரை. வக்கிரகாளியம்மனைக் கும்பிட வருகிறவர்களில் பலர் பக்கத்திலிருக்கும் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்ப்பதில்லை. 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளம் புரட்டி வந்த மரங்கள் இங்கே மணலில் புதைந்தன. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்துக்குள் ஊறி, நாரின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டது. குனிந்து பார்த்தால் நாரோட்டமும் கணுவும் அப்படியே தெரியும், தட்டினால் கல். கிளையோ வேரோ இலையோ இல்லை. இவை இங்கே வளர்ந்தவையல்ல, அடித்து வரப்பட்டவை என்பதற்கு அதுவே சாட்சி. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொனரா 1781இலேயே இவற்றைக் குறித்துவைத்தார்.

இந்த மணற்கல்லுக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர். புதுச்சேரியின் செம்மண் மேடுகளும் இதுதான். வில்லியனூர் கொம்யூனில் சேதராப்பட்டு, அதையடுத்த வழுதாவூர் பக்கம் போனால் இன்னும் பழைய சுண்ணாம்புக்கல். உள்ளே சிப்பியும் சங்கும். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அந்தப் புதைபடிவங்களை இயற்கையியலாளர் எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இலேயே விவரித்து வெளியிட்டார்.

சுத்துக்கேணியில் பிரியும் வாய்க்கால் ஊசுட்டேரியை நிரப்புகிறது. வில்லியனூரில் ஆறு விரிந்து, வண்டல் தடிமனாகிறது. நெல்லும் கரும்பும் அதன் கொடை. புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் வேலையும் மண்ணின் பக்குவத்தில்தான் நிற்கிறது. களிமண்ணில் மணல் கூடினால் உதிரும், குறைந்தால் வெடிக்கும். எந்த அளவில் கலப்பது என்பது மிதிக்கிற காலுக்குத் தெரியும். திருக்காஞ்சியில் மாசி மகத்துக்குக் கூடும் கூட்டம் இறங்குவதும் இந்த ஆற்றில்தான்.

பிறகு ஆறு இரண்டாகப் பிரிகிறது. அரியாங்குப்பத்துக் கிளையோரம்தான் அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது ரோமானியப் பானையோடுகள் கிடைத்த இடம். மற்றது சுண்ணாம்பாறாக நோணாங்குப்பம் வழியே கடலில் கலக்கிறது.

மேலே பாறை தேக்காத தண்ணீரைக் கீழே மணற்கல்லும் ஆற்றுமணலும் சேமிக்கின்றன. கீழ்க்கரை ஊர்களின் போர்வெல்கள் எடுத்துச் செலவழிப்பது இந்தச் சேமிப்பைத்தான். மணலை அள்ளினால் வெள்ளம் நிலத்துக்குள் இறங்க நேரமின்றிக் கடலுக்கு ஓடும். இறைப்பு மிஞ்சினால் கடற்கரையோரம் உப்புநீர் உள்ளே வரும். 2024இல் ஃபெஞ்சல் புயலன்று புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையைப் பிடித்துவைக்கத் தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து ஆற்றுமணலைக் காக்க வேண்டும். படுகை அணைகளையும் ஏரி வாய்க்கால்களையும் ஒரே கணக்கில் பராமரிக்க வேண்டும். மணலில்லாத ஆற்றுக்கு எத்தனை அணை கட்டினாலும் கிணற்றில் தண்ணீர் ஊறாது.