அந்தப் பாக்கெட்டைக் கரைத்தவன் நான்

என் மகனுக்கு ஓ.ஆர்.எஸ். பொடியைத் தப்பாகக் கரைத்துக் கொடுத்தவன் நான். அதற்கான ஏச்சை மனைவி வாங்கியபோது வாய் திறக்காமல் நின்றவனும் நான். பதினொன்றாம் வகுப்புக்குச் சவ்வூடு பரவல் நடத்துகிறவன் செய்த காரியம் இது.

பையனுக்கு அப்போது இரண்டு வயது. வாந்தி, வயிற்றுப்போக்கு. மெடிக்கலில் கொடுத்தது ஒரு லிட்டருக்கான பாக்கெட். அத்தனை தண்ணீரைச் சின்னப் பிள்ளை எப்படிக் குடிப்பான், கெட்டியாகக் கொடுத்தால் சீக்கிரம் தெம்பு வரும் என்று நினைத்து, முழுப் பொடியையும் ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினேன். தீர்ந்ததும் இன்னொரு பாக்கெட். குடிக்கக் குடிக்கத் தாகம் ஏறியது, பேதியும் கூடியது. இரவில் கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடந்தான்.

வருடாவருடம் நான் செய்து காட்டும் சோதனை ஒன்று உண்டு. உருளைக்கிழங்கைத் தோல் சீவி, நடுவில் குடைந்து, குழியில் அடர்த்தியான சர்க்கரைக் கரைசலை ஊற்றி, மட்டத்தைக் குண்டூசியால் குறித்து, தண்ணீருள்ள பீக்கரில் வைப்போம். சற்று நேரத்தில் குழியில் மட்டம் ஊசியைத் தாண்டி ஏறும். செல்கள் இதற்காக ஆற்றல் எதையும் செலவழிப்பதில்லை. கரைபொருள் அடர்ந்திருக்கும் பக்கத்துக்குச் சவ்வின் வழியே தண்ணீர் தானாகவே போகிறது. என் மகனின் குடலை அந்தக் குழியாக்கிவிட்டேன்.

உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய கலவையை ஒரு லிட்டரில் கரைத்தால் அதன் செறிவு 245 மில்லிஆஸ்மோல். ரத்தத்தில் ஏறக்குறைய 290. குடலில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே புரதத்தின் வழியாகச் சேர்ந்தே உள்ளே செல்கின்றன. ராபர்ட் கிரேன் 1960இல் ப்ராக் நகரில் முன்வைத்த கருத்து இது. அந்த வேலைக்குப் பின்னணியில் ஆற்றல் செலவாகிறது. ஆனால் அவற்றைத் தொடர்ந்து தண்ணீர் ரத்தத்துக்குள் போவதற்குச் செலவே இல்லை. அதே பொடியை 200 மில்லி தண்ணீரில் கரைத்தால் செறிவு 1,225 ஆகிறது, ரத்தத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல். தண்ணீர் ரத்தத்திலிருந்து குடலுக்குத் திரும்பிப் பாயும். ரத்தத்தில் சோடியம் ஏறும்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் என் மனைவியிடம்தான் கேட்டார்: "ஏம்மா, பொடியை எவ்வளவு தண்ணியில கலந்தீங்க?" "ஒரு டம்ளர்ல, சார்" என்றாள். கலந்தது யார் என்று அவள் சொல்லவில்லை. "படிச்சவங்கதானே, பாக்கெட்ல போட்டிருக்கிறதைப் பார்க்க வேண்டாமா?" என்று அவளைக் கடிந்துகொண்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். உயிரியல் ஆசிரியர் என்று உள்ளே வரும்போதே சொல்லியிருந்தேன். அந்த மரியாதை போய்விடும் என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஏறிய உப்பை ஒரே மூச்சில் இறக்க முடியாது. ரத்தத்தைச் சட்டென்று நீர்க்க வைத்தால் மூளைச் செல்களுக்குள் தண்ணீர் புகுந்து வீங்கிவிடும். அதனால் டிரிப்ஸை மெதுவாகத்தான் ஏற்றினார்கள். பையன் பிழைத்துக்கொண்டான், நன்றாக இருக்கிறான். மனைவியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வருடங்கள் ஆயின. கேட்டபோது, "அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லியிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னது நியாயம்.

பாடம் தெரியாமல் நான் தவறவில்லை. பரீட்சைத் தாளுக்கு வெளியே அது செல்லும் என்று நம்பாமல்தான் தவறினேன். இப்போது அந்தப் பாடத்தை ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடத்துகிறேன்.

வீட்டில் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் 200 மில்லிக்கான சிறிய பாக்கெட்டும் உண்டு, ஒரு லிட்டருக்கான பெரியதும் உண்டு. எது என்று படித்துப் பாருங்கள். கொதித்து ஆறிய தண்ணீரை அளந்து, பொடி முழுவதையும் ஒரே தடவையில் கரையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடுங்கள். தவறாகக் கலந்துவிட்டால், டாக்டரிடம் உடனே உண்மையைச் சொல்லுங்கள்.