பட்டாணி கேட்கும் யோசனை

பாவைக்குப் பெயர் வைக்கும் முன் வகுப்பு வருகைப் பதிவேட்டை வாங்கி ஒருமுறை பார்த்துவிடுவேன். ரப்பர் திருடுகிற பாவைக்கு கார்த்திக் என்று பெயர் வைத்து, அதே பெயரில் மூன்றாவது வரிசையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தால் தொலைந்தது. ஐந்தாம் வகுப்பு முடிகிறவரை அவன் ரப்பர் திருடன்தான். பெயரைக் கேட்டதும் சாதியோ மதமோ தெரிந்துவிடக் கூடாது என்பது அடுத்த நிபந்தனை. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் தின்பண்டங்கள்தான் மிஞ்சுகின்றன. அதனால் என் பையில் இருக்கும் இருவருக்கும் பட்டாணி, சுண்டல் என்று பெயர். பட்டாணி வம்பை விலைக்கு வாங்குகிறவன். சுண்டல் அவனுடைய சிநேகிதி, கொஞ்சம் விவரமானவள், ஆனால் கோபக்காரி.

இரண்டும் கைப்பாவைகள். பழைய செய்தித்தாளைக் கிழித்து ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து அரைத்த கூழில் தலை செய்கிறேன். பாட்டிமார் முறத்துக்கும் கூடைக்கும் பூசிய அதே கூழ்தான். நன்றாகப் பிடிக்கும், பூச்சியும் அண்டாது. கழுத்தில் சுட்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் அட்டைக் குழாய். கண்ணுக்குச் சட்டைப் பொத்தான். பொத்தானை நேராக ஒட்டினால் பாவை பிள்ளைகளின் தலைக்கு மேலே பின்சுவரை வெறித்துக்கொண்டிருக்கும். தரையில் சம்மணம் போட்டிருப்பவர்களை அது பார்க்க வேண்டுமானால் இமையை ஒரு நூலளவு கீழே இழுத்து வரைய வேண்டும். வாயைச் சிரித்த வாயாகச் செய்வதில்லை. பட்டாணி அழவும் வேண்டியிருக்கிறதே! ஒரு கோடு போதும். தலை கவிழ்ந்தால் வருத்தம், நிமிர்ந்தால் சந்தோஷம். மிச்சத்தைப் பார்க்கிற பிள்ளை போட்டுக்கொள்ளும். கெட்ட பாத்திரத்துக்குக் கறுப்பு என்ற பழைய கணக்கையும் விட்டுவிட்டேன். முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் நிறம் என்ன என்று பார்த்தாலே போதும், காரணம் புரியும்.

கும்பகோணம் பக்கத்து மரப்பாவைகளைப் பார்த்தவர்களுக்கு என் சரக்கு அற்பமாகத் தோன்றும். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை அவை. சில பாவைகள் நாலரை அடி உயரம், பத்துக் கிலோ எடை. ஆட்டுகிறவர் தலையில் மாட்டிய இரும்பு வளையத்திலிருந்து நூல்கள் இறங்க, பாவையின் கைகளைக் கம்பியால் இயக்குவார். கலை என்றால் அதுதான் கலை. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறி அங்கன்வாடிக்குப் போக முடியாது.

வேலை செய்யும் முறையை மரப்பாவையிடமிருந்து நான் எடுக்கவில்லை. தோல்பாவைக் கூத்திலிருந்து எடுத்தேன். ஆட்டுத்தோல் பாவைகளை வைத்து ராமாயணத்தைப் பல இரவுகள் நடத்துகிற அந்தக் கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரண்டு கோமாளிகள் உண்டு. வால்மீகியிலும் கம்பனிலும் இவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். ராமனும் ராவணனும் பெரிய பேச்சுப் பேசி முடித்ததும் இவர்கள் உள்ளே புகுந்து, ஊர்த் தமிழில், ஊர்ச் சமாசாரம் பேசுவார்கள். அடித்துக்கொள்வார்கள், அசிங்கமாகத் திட்டிக்கொள்வார்கள், பயந்து ஓடுவார்கள். ஆந்திரத்தில் ஜுட்டுப் போலிகாடு, பங்காரக்கா, கர்நாடகத்தில் கிள்ளேக்யாதா. தென்னிந்தியத் தோல்பாவை மரபில் போகிற இடமெல்லாம் இப்படிச் சிலர் இருக்கிறார்கள். ராமனைப் பார்த்து ஊர் கும்பிடுகிறது, உச்சிக்குடும்பனோடு ஊர் பேசுகிறது. பிள்ளைகளின் ஒழுக்கம் பற்றிய வேலைக்கு எனக்குப் பேச்சுத் துணைதான் வேண்டியிருந்தது.

ஏனென்றால் நம் நீதிபோதனை வகுப்புகளில் ராமன்களுக்குக் குறைவே இல்லை. பொய் சொல்லாதே, திருடாதே, பெரியோரை மதி. இதில் எதுவுமே பிள்ளைகளுக்குத் தெரியாததல்ல. பட்டாணி சுண்டலுடைய ரப்பரை எடுத்துச் சட்டைக்குள் ஒளித்த மறுநொடி வகுப்பே எழுந்து, "டேய், அது அவளோடது! திருப்பிக் கொடு!" என்று கூரையைப் பிய்க்கும். நல்லது கெட்டது நாலு வயதுக்குள் பெரும்பாலும் உள்ளே போய்விடுகிறது. சிக்கல் அதற்கு அடுத்த படியில்தான் தொடங்குகிறது.

அந்த இடத்தில் பட்டாணி தலையைக் கவிழ்த்துக்கொள்வான். "தப்புன்னு தெரியுது. ஆனா இப்ப எப்படிக் கொடுக்கறது? கொடுத்தா எல்லாரும் திருடன்னு சொல்லுவீங்களே" என்பான். சத்தம் சட்டென்று அடங்கும். இது அவர்களிடம் யாரும் கேட்டிராத கேள்வி.

பிறகு யோசனைகள் வரும், ஒவ்வொன்றும் ஒரு தினுசு. "அவ பெஞ்சுக்குக் கீழ போட்டுட்டு, இங்க கிடந்துச்சுன்னு சொல்லிரு." உடனே ஒரு பெண் எழுந்து, "அது பொய்யில்ல?" என்பாள். "பொய்தான், ஆனா ரப்பர் கிடைச்சிருச்சுல்ல" என்று பின்வரிசை. "இன்டர்வெல்ல தனியாக் கூப்பிட்டுக் கொடு, எல்லார் முன்னாடியும் வேணாம்." இதற்குப் பெரும்பாலும் வகுப்பு முழுவதும் தலையாட்டும். பட்டாணி அதையே அங்கேயே செய்து பார்ப்பான். சுண்டல் மன்னிக்க மாட்டாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "சாரி சொன்னேனே, அப்புறமும் பேசமாட்டேங்குறா!" என்று அவன் பிள்ளைகளிடம் முறையிட, மறுபடி யோசனை. மன்னிப்புக் கேட்டவுடன் எதிராளி சிரித்துவிடுகிற கதையை நான் நடத்துவதில்லை. வாழ்க்கையில் அப்படி நடப்பதில்லை என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பாவை பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அரைமணி நேரம் இப்படிப் போனால் நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் இருக்காது. அவர்கள் பட்டாணிக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தினமும் அறிவுரை வாங்கியே பழகிய பிள்ளைக்கு, தன்னைவிட மக்காக ஒருத்தன் வந்து "நீ சொல்லேன்" என்று நிற்பது பெரிய கௌரவம். வகுப்பில் வாயே திறக்காதவன் என்று டீச்சர் குறித்துக் கொடுத்த பையன் பல சமயம் முதல் யோசனை சொல்லியிருக்கிறான்.

தொழில்முறையில் ஒரு விதி: பேசுகிற பாவை மட்டும் அசைய வேண்டும், மற்றது கேட்க வேண்டும். இரண்டும் ஆடிக்கொண்டிருந்தால் எது பேசுகிறது என்று பிள்ளைக்குப் புரியாது. கேட்கிற பாவையை அசையாமல் பிடிப்பதுதான் கடினம், முழங்கை கடுக்கும். சுண்டல் தலையை லேசாகச் சாய்த்துப் பட்டாணி பேசுவதை முழுக்கக் கேட்கிறாள் என்றால், எதிரில் இருப்பவர்களும் அவளைப் பார்த்துக் கேட்கத் தொடங்குவார்கள். "அமைதியாக இருங்கள்" என்று சொல்லத் தேவைப்படாது.

சில பள்ளிகளில், "அப்படியே கை கழுவுறது, பிளாஸ்டிக், மரம் நடுறது மூணையும் சேர்த்துச் சொல்லிடுங்கம்மா" என்பார்கள். செலவு ஏற்கிறவர்களுக்கு இன்னும் நீண்ட பட்டியல் இருக்கும். ஓர் ஆட்டத்துக்கு ஒரு சங்கடம்தான் என்று சொல்லிவிடுவேன். பாவை துண்டுப்பிரசுரம் படிக்க ஆரம்பித்தால் பிள்ளைகள் என் கையைத்தான் பார்ப்பார்கள்.

ஆட்டம் முடிந்தபின் நடப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாவையைக் கையிலிருந்து கழற்றும் முன் ஒன்றிரண்டு பிள்ளைகள் பக்கத்தில் வருவார்கள். நான் எதிரிலேயே இருந்தாலும் பேச்சு பட்டாணியிடம்தான். அப்பா குடித்துவிட்டு வருவது, அண்ணன் அடிப்பது, சில நேரம் அதைவிடக் கனமானது. "யார்கிட்டயும் சொல்லமாட்டியே?" என்று பாவையின் காதில் கேட்பார்கள். "சொல்ல மாட்டேன்" என்று பட்டாணி ஒருநாளும் வாக்குக் கொடுப்பதில்லை. "என் தலை சின்னத் தலை. பெரிய விஷயம்னா பெரியவங்க யார்கிட்டயாவது சொல்லணும். யார்கிட்டச் சொல்லலாம், நீயே சொல்லு" என்பான். துருவிக் கேட்கவும் மாட்டான். நாமே வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிட்டால் பிறகு அது பிள்ளையின் வார்த்தையாக இருக்காது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அது யாராக இருந்தாலும். மற்றவற்றுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. பாவைப் பயிற்சி கேட்டு வருகிற இளைஞர்களுக்குக் குரல் மாற்றக் கற்றுக்கொடுக்கும் முன் இதைத்தான் சொல்கிறேன். குரல் சுமாராக இருந்தாலும் பாதகமில்லை.

2021இல் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கிய பிறகு மாலை வேளைகளில் தெருவிலேயே ஆடுகிற வாய்ப்பு கூடியது. கோயில் திண்ணையில் பழைய வேட்டியைக் கட்டினால் திரை. பிள்ளைகள் முன்னால், தண்ணீர்க் குடத்தோடு அம்மாமார் பின்னால், டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஆண்கள் பார்க்காததுபோல் பார்ப்பார்கள். அங்கே நான் நடத்துவதைவிடப் பிள்ளைகள் நடத்துவது நன்றாக ஓடும். காலுறையில் செய்த பாவைகளோடு ஓர் ஊரில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் குழாயடிச் சண்டையை எடுத்துக்கொண்டார்கள். கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறாத விவகாரம் அது. மேலத்தெருக் குடமும் கீழத்தெருக் குடமும் பேசிக்கொள்வதாகக் கதை. யார் யாருடைய குரல் என்று ஊருக்கே தெரிந்தது. சம்பந்தப்பட்ட ஒரு பாட்டி, "நான் எப்படி இப்படிப் பேசுனேன்?" என்று சண்டைக்கு வந்து, பாதியில் சிரித்துவிட்டார். மறுநாள் குடம் வரிசையில் ஓர் ஒழுங்கு வந்தது, சில நாள் நீடித்தது.

குழாய் அதற்கு அடுத்த மாதம் சரியானது. காலுறைப் பாவைகளுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்கப் பிள்ளைகளுக்கு ஆசைதான். மோட்டார் எரிந்துபோனதால் எப்படியும் ஆள் வந்தாக வேண்டியிருந்தது.