சனி பகவானும் ஒரு கறுப்புக் கோடும்

“ஏண்டா, நீதான் ராத்திரியெல்லாம் கண் விழித்து அவனைப் போட்டோப் பிடித்துக்கொண்டிருக்கிறாயே! அவன் கும்பத்துக்கு வந்துவிட்டானா, இல்லையா? நீயே சொல்லிவிடு!” என்று 2023-ம் வருஷம் பொங்கல் கழிந்த மறு வாரம் என் தாயார் என்னைக் கேட்டாள்.

“அவன்” என்று அவள் குறிப்பிட்டது சனி பகவானை. சென்னையில் இருக்கும் என் தமக்கை டெலிபோனில், திருக்கணிதப் பஞ்சாங்கப்படி ஜனவரி 17-ம் தேதியே சனிப் பெயர்ச்சி ஆகிவிட்டது என்று சொல்லியிருந்தாள். எங்கள் ஊர்க் கோயில் குருக்களோ வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பிரித்து, டிஸம்பர் 20-ம் தேதிதான் பெயர்ச்சி, திருநள்ளாற்றிலும் அன்றைக்குத்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டார். ஒரே கிரகம், ஒரே ஆகாயம். கணக்கிலோ பதினொரு மாதம் வித்தியாசம். அம்மா மீன ராசி. அவளுக்கு ஏழரை ஆரம்பமாகிவிட்டதா, இன்னும் பதினொரு மாதம் தவணை உண்டா என்பது சாமானிய விஷயமன்று.

எங்கள் சீமையில் கிரகங்கள் தூரத்து உறவினரல்லர். சுக்கிரனுக்குக் கஞ்சனூர், குருவுக்கு ஆலங்குடி, சந்திரனுக்குத் திங்களூர், புதனுக்குத் திருவெண்காடு, செவ்வாய்க்கு வைத்தீசுவரன் கோயில் என்று காவேரிக் கரையோரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு விலாசம் இருக்கிறது. பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் பாதிப் பேரைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, பௌதிகத்தில் பட்டம் வாங்கி, பள்ளிக்கூடத்தில் அதையே போதித்து வருகிற நான், அம்மாவின் கேள்விக்கு உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு முன்பாக இருந்தால் சொல்லியும் இருப்பேன். அன்று வாய் அடைத்துப்போயிற்று. அதற்குக் காரணம் ஒரு கறுப்புக் கோடு.

சீட்டு எடுத்த பணத்தில் நான் டெலஸ்கோப் வாங்கியது பற்றி என் மனைவிக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை இங்கே எழுதுவதற்கில்லை. 8 அங்குல விட்டமுள்ள ஆடியைக் குழாயின் அடியில் பொருத்திய சாதாரண யந்திரம் அது. முதலில் அதை மொட்டை மாடியில் நிறுத்தினேன். சனியைப் பார்த்தால், கொதிக்கிற ரஸத்தின் அடியில் கிடக்கும் புளியங்கொட்டை மாதிரி நெளிந்தது. கண்ணாடியில் கோளாறு என்று பல நாள் வீணாகச் சந்தேகப்பட்டேன். கோளாறு மாடியில் இருந்தது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் நடு நிசி வரையில் அந்த உஷ்ணத்தைக் கக்குகிறது. அதற்கு மேலே உள்ள காற்று அலைகிறது. காற்று அலைந்தால் கிரகமும் அலைகிறது.

உதயபூரில் சூரியனை ஆராய்வதற்காக 1975-ல் ஒரு வானாராய்ச்சி நிலையம் கட்டினார்கள். அதை ஃபதே ஸாகர் என்னும் ஏரியின் நடுவிலே உள்ள திட்டில் கட்டியிருக்கிறார்கள் என்று படித்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. தண்ணீர் சீக்கிரம் சூடேறுவதில்லை. ஆகவே அதற்கு மேலே உள்ள காற்றும் அதிகம் ஆடுவதில்லை. உதயபூரில் ஏரியைத் தேடிப் போக வேண்டியிருந்தது. எனக்கோ கொல்லைப்புறத்து வேலியைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர் கட்டிய வயல்! 2022-ல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ம் தேதிக்கு முன்னதாக, மே 24-ம் தேதியே திறந்துவிட்டார்கள். குறுவை நடவு முடிந்து பயிர் தூர் கட்டிய சமயத்தில் டெலஸ்கோப்பைக் கொல்லைக்கு இறக்கினேன். தவளைச் சத்தமும் கொசுக்கடியும் இலவசம். ஆனால் அந்த ஆடி மாதத்து இரவில் சனியின் வளையம் முதன்முதலாக அசையாமல் நின்றது. வளையத்துக்குள்ளே காஸினி இடைவெளி மை தீட்டியது போல் தெரிந்தது. நான் கொசுவை அடிக்கக்கூட மறந்து நின்றேன்.

இன்னோர் அநுகூலமும் எங்களுக்கு உண்டு. லண்டனில் இருப்பவர் அந்த வருஷத்துச் சனியை அடிவானத்துக்குச் சற்று மேலே, புழுதியும் புகையும் மண்டிய காற்றின் வழியாகப் பார்க்க வேண்டும். தஞ்சாவூர் 11 பாகைக்குச் சற்றுக் குறைந்த அக்ஷரேகையில் இருப்பதால், கிரகங்கள் எல்லாம் ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு மேலேயே கடக்கின்றன. காற்றின் கனம் குறைவு. காற்று முப்பட்டைக் கண்ணாடி போல் நிறங்களைப் பிரித்துக் கெடுப்பதும் குறைவு. கழுத்து வலிதான் அதிகம்.

இந்தக் காலத்தில் கிரகத்தைப் போட்டோப் பிடிப்பது என்றால் ஒரு படம் எடுப்பதன்று. கட்டைவிரல் அளவுள்ள ஒரு காமிரா, வினாடிக்கு நூறு படத்துக்கு மேல் எடுத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. சில ஆயிரம் படங்களில் காற்று அடங்கிய கணங்களில் விழுந்தவற்றை மாத்திரம் பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண வேண்டும். நெல்லைத் தூற்றிப் பதரை நீக்குகிற வேலைதான். என் காமிராவுக்கு வர்ணம் தெரியாது, கறுப்பு வெள்ளைதான். எனவே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வர்ணக் கண்ணாடிகளை முன்னால் மாற்றி மாற்றி வைத்து மூன்று தரம் எடுத்து, பிறகு ஒன்று சேர்க்க வேண்டும். வியாழனிடம் இதில் அவசரம் காட்ட வேண்டும். அது 9 மணி 55 நிமிஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. இரண்டு மூன்று நிமிஷம் தாமதித்தால் நீலப் படத்துக்குள் அதன் முகமே நகர்ந்திருக்கும்.

மூன்றையும் சேர்ப்பதைவிடத் தனித்தனியே பார்ப்பதுதான் எனக்கு ருசி. வியாழனின் பெரிய சிவப்புப் புள்ளி, நீலக் கண்ணாடி வழியாகக் கறுத்துப் பளிச்சென்று தெரியும். சிவப்புக் கண்ணாடியைப் போட்டால் வெளுத்து, சுற்றியுள்ள மேகத்தோடு கரைந்துவிடும். காற்றின் தொந்தரவு சிவப்பில் குறைவு, நீலத்தில் அதிகம். வெள்ளியோ கண்ணுக்கு வெறும் வெள்ளைப் பந்து. 1927-ல் ராஸ் என்பவர் மௌண்ட் வில்ஸனிலிருந்து புற ஊதா வெளிச்சத்தில் அதைப் படம் பிடித்தபோதுதான் அதன் மேகங்களில் கறுப்புத் திட்டுக்கள் இருப்பது வெளியாயிற்று. பிறகு 1957-ல் ஆப்பிரிக்காவில் பிராஸவில் நகரத்தில் நீதிபதியாக இருந்த சார்லஸ் போயே, உத்தியோக நேரம் போக, தம் சொந்த டெலஸ்கோப்பினால் வெள்ளியைப் படம் எடுத்து வந்தார். அந்தத் திட்டுக்கள் நான்கு நாளைக்கு ஒரு தரம் திரும்பி வருவதை அவர் கண்டார். வெள்ளிக் கிரகம் தன்னைத் தானே சுற்ற 243 நாள். அதன் மேகங்களுக்கோ நான்கே நாள்! பெரிய நிபுணர்கள் பலர் நம்பவில்லை. 1974-ல் மாரினர்-10 விண்கலம் போய்ப் பார்த்து நீதிபதியின் தீர்ப்பை உறுதி செய்தது. பூமத்திய ரேகைக்கு அருகில், கொல்லையில் நின்று, ஒரு வர்ணக் கண்ணாடியோடு இவ்வளவும் செய்தார் அவர் என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ஆசைதான் என்னைக் கெடுத்தது. 2022 ஆகஸ்டு 14-ந் தேதி சனி பூமிக்கு நேர் எதிரே வந்தது. அந்த வாரத்தில் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் கூர்மைப்படுத்தினேன். மேலும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருகிக்கொண்டே போனேன். திடீரென்று வளையத்தின் வெளி ஓரத்தையொட்டி மயிரிழை போல் ஒரு கறுப்புக் கோடு கிளம்பிற்று. எங்கே இடைவெளி! அதன் அகலம் சுமார் 325 கிலோமீட்டர்தான். 1888-ல் லிக் வானாராய்ச்சி நிலையத்தின் 36 அங்குல டெலஸ்கோப்பில் கீலர் கண்ட அதை என் 8 அங்குல ஆடி பிடித்துவிட்டது என்று நம்பினேன். படத்தைப் பெரிதாக அச்சடித்துப் பள்ளிக்கூடத்து விஞ்ஞானக் கண்காட்சியில் மாட்டினேன். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

மறுநாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். “ஸார், மூன்று வர்ணப் படங்களையும் தனித்தனியாகப் பார்க்கலாமா?” என்றாள். காட்டினேன். ஸ்கேலை வைத்து அளந்தாள். “சிவப்புப் படத்தில் கோடு ஓரத்திலிருந்து விலகியிருக்கிறது ஸார், நீலத்தில் ஓரத்தோடு ஒட்டியிருக்கிறது. உண்மையான இடைவெளி வர்ணத்துக்குத் தகுந்தாற்போல் இடம் மாறுமா?” என்று கேட்டாள்.

மாறாது. ஒளியலையின் நீளத்துக்கு ஏற்ப இடம் மாறுவது, டெலஸ்கோப் தானே உண்டாக்கும் ஒளிச் சிதறலின் வேலை. பிரகாசமான ஓரத்துக்கு அருகே விழும் மங்கலான அந்தச் சிதறலைக் கூர்மைப்படுத்தி, கூர்மைப்படுத்தி, நான் கோடாக்கிவிட்டேன். கூர்மைப்படுத்தாத படத்தில் காஸினி இடைவெளி இருந்தது; இந்தக் கோடு இல்லவே இல்லை. வகுப்பில் ஒளியியல் நடத்துகிறவன் நான்!

இந்த விஷயத்தில் எனக்கு முன்னோர்கள் இல்லாமல் இல்லை. லோவெல் துரை செவ்வாயில் கால்வாய்களைக் கண்டார். 1905-ல் அவருடைய நிலையத்தில் அவற்றைப் போட்டோவும் பிடித்தார்கள். போட்டோ பொய் சொல்லுமா என்று உலகம் வியந்தது. 1909-ல் அந்தோனியாதி பாரிஸுக்கு அருகே மூதோன் நகரத்துப் பெரிய டெலஸ்கோப்பில் பார்த்தபோது கோடுகள் எல்லாம் சிதறிய புள்ளிகளாயின. ஆனால் லோவெலின் தவறு எனக்கு ஆறுதல் அளிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை அதே கூட்டத்தில் எழுந்து நின்று, “நான் காட்டிய கோடு சனியில் இல்லை” என்று சொன்னேன். கண்டுபிடித்தவள் யார் என்பதையும் சொன்னேன். இந்தத் தடவை கை தட்டல் அவளுக்கு. படத்தை நானே கழற்றினேன்.

இது நடந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள். “கண்ணால் கண்டதே பிரமாணம், வாக்கியப் பஞ்சாங்கம் பிசகு” என்று சொல்ல வாயெடுத்தவன், கோட்டை நினைத்து நிறுத்திக்கொண்டேன்.

வாக்கியக் கணிதம் செய்தவர்களும் லேசுப்பட்டவர்களல்லர். 1825-ல் வாரன் என்பவர், புதுச்சேரியில் இருந்த பஞ்சாங்கக்காரர் ஒருவரைச் சந்திர கிரகணம் கணிக்கச் சொன்னார். அந்த மனிதர் ஓர் எண்ணைக்கூட எழுதவில்லை. மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே தரையில் சோழிகளை நகர்த்தினார். கிரகணம் பிடிக்கும் நேரத்தில் 4 நிமிஷமே பிசகிற்று. விடும் நேரத்தில் 52 நிமிஷம் பிசகியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெகு காலத்துக்கு முன் ஏற்பட்ட வாய்பாட்டை ஆகாயத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்தாமல் விட்டால் அப்படித்தான் ஆகும். இதைச் சொன்னவர்களில் முக்கியமானவர், சென்னை நக்ஷத்திர பங்களாவில் உத்தியோகம் பார்த்த சிந்தாமணி ரகுநாதாசாரியார். 1867-ல் ஒளி மாறும் நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர், சாஸ்திரமும் அறிந்தவர். கண்ணுக்குத் தெரிகிற ஆகாயத்தோடு பொருந்தும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காகக் கடைசி வரையில் வாதாடினார். 1880-ல் அவர் காலமானார். வழக்கு இன்னும் முடியவில்லை.

அம்மாவிடம் தெரிந்ததைச் சொன்னேன். நக்ஷத்திரங்களுக்கு நடுவே சனி நிற்கும் இடத்தை என் படத்தில் அளந்தால் திருக்கணிதத்தோடுதான் ஒத்துப்போகிறது. ஆனால் மகரம் முடிந்து கும்பம் ஆரம்பிக்கும் இடத்தில் ஆகாயத்தில் வரப்பு எதுவும் போடவில்லை. அது மனுஷர்கள் போட்ட எல்லை. அந்த எல்லையைக் காமிரா காட்டாது.

அம்மா சிறிது நேரம் யோசித்தாள். “நீதான் இல்லாத கோட்டைப் படம் பிடித்தவனாச்சே!” என்றாள். பிறகு, “திருநள்ளாற்றில் என்றைக்கோ அன்றைக்கே எனக்கும்” என்று தீர்மானம் செய்துவிட்டாள்.

டிஸம்பர் 20-ம் தேதி தமக்கையோடு திருநள்ளாற்றுக்குப் போய், கூட்டத்தில் நசுங்கி, எள் தீபம் ஏற்றிவிட்டு வந்தாள். அந்த வாரத்திலேயே ஒரு நாள் மழை விட்டு, மேற்கே வானம் வெளுத்தது. கொல்லையில் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்தேன். கண்ணை வில்லையில் பொருத்த அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. காமிரா, வர்ணக் கண்ணாடி எதையும் மாட்டவில்லை. சுற்றிலும் சம்பாப் பயிர், கால் வரையில் ஈரம்.

“தெரிகிறதா அம்மா?”

பதில் இல்லை. வெகு நேரம் கழித்து, கண்ணை எடுக்காமலே, “இத்தனூண்டா!” என்றாள். “மூக்குத்தித் திருகாணி மாதிரி இருக்கிறானே! இவனுக்கா நான் இத்தனை வருஷம் பயந்தேன்?”

சற்றுப் பொறுத்து, “இந்த வளையமாவது நிஜந்தானா, அதுவும் நீ போட்டதா?” என்று கேட்டாள்.

“நிஜந்தான்” என்றேன்.

“ஒன்பதாம் கிளாஸ் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் வில்லைக்குக் குனிந்தாள்.