நான் யார், சொல்லுங்கள்!

"நான் யார்?" என்னும் கேள்வி வேதாந்திகளுக்கே உரியது என்று நேயர்கள் நினைத்தால் அதை நாம் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை காண மலைக் குகைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. எட்டுப் பேர் வட்டமாக உட்காரக்கூடிய ஒரு கூடமும், ஒரு கூஜா காப்பியும், ஒரு தட்டுச் சுண்டலும் இருந்தால் போதும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாமும் நம்முடைய நண்பர்கள் சிலரும் கூடி, இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே மூன்று மணி நேரம் போக்குகிறோம். முடிவில் ஆத்ம ஞானம் உண்டாவதில்லை. சரித்திர ஞானம் கொஞ்சம் உண்டாகிறது.

சரித்திரம் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கஷாயம் மாதிரி. அதற்குக் காரணம் பிள்ளைகள் அல்லர் என்பது நம்முடைய தாழ்மையான அபிப்பிராயம். பள்ளிக்கூடத்தில் விடையை முதலில் சொல்லிக் கொடுத்துவிட்டு, கேள்வியைப் பரீட்சையன்று கேட்கிறார்கள். கதையின் முடிவை முதலிலே சொல்லிவிட்டால் அதை எவன் உட்கார்ந்து கேட்பான்? நமது விளையாட்டில் விடை ஒருவர் மனத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. மற்றவர்கள் அதைத் துரத்திப் பிடிக்க வேண்டும். துரத்துகிற உத்ஸாகத்தில் சரித்திரத்தின் கசப்பு எங்கேயோ போய்விடுகிறது.

விளையாட்டின் சட்டதிட்டங்கள் அதிகமில்லை. ஒருவர் சரித்திரத்திலுள்ள ஒரு மனிதரையோ பொருளையோ நினைத்துக்கொண்டு ஒரே ஒரு குறிப்பு மட்டும் சொல்லலாம். மற்றவர்கள் இருபது கேள்விகள் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் "ஆம்" அல்லது "இல்லை" என்பதுதான் பதில். எல்லோருடைய கைப்பேசிகளும் அதுவரையில் சமையலறை அலமாரியில் சிறை இருக்க வேண்டும்.

"இருபது கேள்வியில் எதைக் கண்டுபிடிக்க முடியும்?" என்று முதல் நாளில் ஒருவர் கேட்டார். நமது கோஷ்டியில் ஓய்வு பெற்ற கணித உபாத்தியாயர் ஒருவர் இருக்கிறார். அவர் உடனே ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு கேள்வியும் பாக்கியிருப்பதைச் சரிபாதியாகப் பிளக்குமானால், இருபது கேள்விகளில் 10,48,576 பொருள்களிலிருந்து ஒன்றைப் பொறுக்கி எடுத்துவிடலாமாம்! ஆகையால் எடுத்த எடுப்பில் "ராஜராஜ சோழனா?" என்று கேட்கிறவன் கேள்வியை விரயம் செய்கிறான். "கி.பி. ஆயிரத்துக்கு முன்னா?" என்று கேட்கிறவன் பாதி உலகத்தை ஒரே வெட்டில் தள்ளிவிடுகிறான்.

இந்த விளையாட்டு நாம் கண்டுபிடித்தது என்று யாரும் எண்ண வேண்டாம். அமெரிக்க ரேடியோவில் 1946-லும் இங்கிலாந்து ரேடியோவில் 1947-லும் இருபது கேள்வி விளையாட்டைத் தொடங்கி வெகு ஜனங்களைக் கவர்ந்தார்கள். ஆனால் நம் கோஷ்டியில் கூடுதலாக ஒரு சட்டம் உண்டு. விடையைக் கண்டுபிடித்தால் மட்டும் முழு மார்க்குக் கிடையாது. "அது எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். கல்வெட்டா, செப்பேடா, நாணயமா, அந்நிய தேசத்து யாத்திரீகர் எழுதி வைத்ததா? சோதித்துப் பார்க்க முடியாத கர்ணபரம்பரைக் கதையானால் அரை மார்க்கு. சோதித்துப் பார்த்துப் பொய் என்று தெரிந்தால் பூஜ்யம்.

அசோகர் பிடிபட்ட கதையைக் கேளுங்கள். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒரு நாள், "என்னைப் பட்டப் பெயரால்தான் கூப்பிட்டார்கள்" என்று குறிப்புக் கொடுத்தார். அரசரா? ஆம். தமிழ் நாட்டவரா? இல்லை. கிறிஸ்து பிறப்பதற்கு முன்னா? ஆம். கல்லில் எழுதி வைத்தவரா? ஆம். ஒன்பதாவது கேள்வியில் ஆசாமி அகப்பட்டுக்கொண்டார். ஆனால் "எப்படித் தெரியும்?" என்ற கேள்விதான் அன்று மாலை முழுவதையும் விழுங்கிவிட்டது. 1837-ல் ஜேம்ஸ் பிரின்ஸெப் என்னும் ஆங்கிலேயர் அந்தப் பழைய எழுத்தின் மர்மத்தை அவிழ்த்தார். பாறைக்குப் பாறை, தூணுக்குத் தூண் "தேவர்களுக்குப் பிரியமானவன், பியதஸி" என்றே இருந்தது. யார் இந்தப் பியதஸி? இலங்கையில் உத்தியோகம் பார்த்த ஜார்ஜ் டர்னர் என்பவர் பாலி மொழி நூலைப் பார்த்து, பியதஸி என்பது அசோகரே என்று தெரிவித்தார். ஆனாலும் கல் சாட்சி வேண்டாமா? அது 1915-ல் கிடைத்தது. அப்போது ஹைதராபாத் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த மஸ்கி என்னும் ஊரில், தங்கம் தேடிச் சென்ற ஓர் எஞ்சினீயர் ஒரு பாறையைக் கண்டார். அதில் அசோகர் என்ற பெயரே பொறித்திருந்தது. எழுத்தைப் படித்ததற்கும் கல்லிலே பெயரைக் கண்டதற்கும் நடுவே எழுபத்தெட்டு வருஷம்! நமது நண்பர்கள் ஒன்பது கேள்வியில் முடித்துவிட்டார்கள் என்று பெருமைப்பட இடம் உண்டா?

இனி, ஏறக்குறையச் சண்டையில் முடிந்த ஓர் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். வக்கீல் நண்பர் ஒருவர், "என் நிழல் தரையில் விழாது" என்று குறிப்புக் கொடுத்தார். வாயை மூடுவதற்குள் நாலு பேர், "தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானம்!" என்று கூவினார்கள். "மார்க்கு கிடையாது" என்றார் கணித உபாத்தியாயர். "ஏன் ஸார்?" என்று வக்கீல் சீறினார். "நிழல் விழுகிறதே! காலையிலோ மாலையிலோ பிராகாரத்தில் போய் நின்றால், சுமார் இருநூறு அடி உயரக் கோபுரத்தின் நிழலிலேயே நீங்கள் நிற்கலாம்."

வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் தஞ்சை ஜில்லாக்காரர். பாட்டி மடியில் உட்கார்ந்து கேட்ட கதை அது. "நம்முடைய முன்னோர்களின் பெருமையை நாமே குறைத்துக்கொள்வதா? இப்படித்தானே அந்நியன் செய்தான்!" என்று முழங்கினார். கூடத்தில் சற்று நேரம் சுண்டல் மெல்லும் சத்தங்கூடக் கேட்கவில்லை.

உபாத்தியாயர் குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார். "பெருமையைக் குறைக்கவில்லை ஸார். பெருமை எங்கே இருக்கிறது என்றுதான் தேடுகிறேன். அந்தக் கோயிலைக் கட்டினவன் யார் என்பதே நம்மவர்களுக்கு மறந்துபோயிருந்தது. கரிகாலன் கட்டினான் என்று சிலரும், வேறு யாரோ சோழன் கட்டினான் என்று சிலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1886-ல் சென்னையில் கல்வெட்டு ஆராய்ச்சி உத்தியோகத்துக்கு வந்த ஹூல்ஷ் என்னும் ஜெர்மானியர் சுவரைப் படித்துச் சொன்ன பிறகே ராஜராஜன் என்று நிச்சயமாயிற்று. நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர, சுவரைப் பார்க்கவில்லை!"

அந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். கி.பி. 1010-ல் கோயில் நிறைவேறியது. தான் கொடுத்ததைக் கல்லில் வெட்டச் சொன்ன மகாராஜன், அதோடு தன் தமக்கை குந்தவையார் கொடுத்ததையும், தன் தேவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் வெட்டச் சொன்னான். ஆபரணங்களின் எடையும் முத்துக்களின் எண்ணிக்கையும் அதில் இருக்கின்றன. பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்து வந்த நானூறு ஆடல் மகளிர் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், வருஷத்துக்கு நூறு கலம் நெல்லும் ஏற்படுத்தியிருக்கிறான். எந்தத் தெருவில், எத்தனையாவது வீட்டில், எந்தப் பெயருடையவள் குடியிருந்தாள் என்பது வரையில் எழுதியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பு இவ்வளவு துல்லியமாகக் கணக்கு எழுதிய தேசத்துக்கு, விழாத நிழலின் பெருமை எதற்கு?

வக்கீல் நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பாட்டிக்காகவாவது அரை மார்க்கு கொடுக்கக் கூடாதா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் மார்க்கு கொடுக்கவில்லை.

இவ்வளவையும் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள், தபால் நண்பருடைய பேத்தி. பத்தாவது வகுப்பில் படிக்கிற பெண். "தாத்தா, இந்தத் தடவை நான் நினைத்துக்கொள்கிறேனே?" என்றாள். சரி என்றோம். "என் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் ஆயிரத்து நூறு வருஷமாகக் கல்லில் இருக்கிறேன்" என்று குறிப்புச் சொன்னாள்.

அரசனா? இல்லை. பெண்ணா? இல்லை. போர் வீரனா? இல்லை. புலவனா? இல்லை. கோயில் கட்டியவனா? இல்லை. சோழர் ஆட்சியில் இருந்தவனா? ஆம். தொண்டை நாட்டவனா? ஆம். வயதானவனா? இல்லை என்று சொல்லிச் சிரித்தாள். இருபது கேள்விகளும் தீர்ந்தன. பெரியவர்கள் ஏழு பேரும் கையை விரித்தோம்.

"உத்திரமேரூரில் குடத்துக்குள் கையை விட்டு ஓலை எடுத்த பையன்!" என்றாள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் தமிழ் நாட்டில் சொற்பம். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், அந்த ஊர்ச் சபையார் வாரியத் தேர்தலுக்கு விதிகள் செய்து கல்லில் வெட்டினார்கள். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டு, சபை முழுவதும் பார்த்திருக்க, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்தார்கள். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாமல் போனவனுக்கும் அவனுடைய உறவினர்களுக்கும் குடத்தில் இடமில்லை. இந்த விதியை மட்டும் இன்றும் அமல் செய்தால் எத்தனை குடங்கள் காலியாகப் போகும் என்பதை நேயர்களின் யோசனைக்கே விட்டுவிடுகிறோம்.

உபாத்தியாயர் இங்கேயும் சும்மா இருக்கவில்லை. "அம்மா, அதை முழு ஜனநாயகம் என்று சொல்லிவிடாதே. கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதும் உள்ள ஆண்களுக்குத்தான் அந்த ஓலை" என்றார்.

"தெரியும், மாமா. அதனால்தான் பையனை நினைத்துக்கொண்டேன். அவனுக்கு நிலமும் இல்லை, வயதும் இல்லை. ஆனால் எல்லோரும் அவன் கையைத்தானே நம்பினார்கள்?" என்றாள் அந்தப் பெண்.

அன்று முதல் நமது விளையாட்டில் புதிய சட்டம் ஒன்று அமலுக்கு வந்தது. மூன்று ராஜாக்களுக்கு அப்புறம் கட்டாயமாக ஒரு சாதாரண மனிதர் வர வேண்டும். இதன் பலனாக, 1736 முதல் 1761 வரையில் புதுச்சேரி நடப்பைத் தினசரியாக எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை வந்தார். 1806 ஜூலை 10-ந் தேதி விடியுமுன் வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள் வந்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்து மதில் கல் ஒன்றுகூட வந்தது. அந்த மதிலைப் பெயர்த்து 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கொண்டு போனார்கள். அணையினால் வயல்கள் விளைந்தது வாஸ்தவம். ஆனால் அந்தக் கற்களில் எந்தச் சிறுவன் இருந்தானோ, எந்த ஆடல் மகளின் வீட்டு எண் இருந்ததோ, இனி யாரால் சொல்ல முடியும்?

விளையாட்டு என்று சொன்ன நாம் இவ்விடத்தில் விளையாட்டை விட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அணை கட்டியவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் காலத்திலேயே, திருப்பணி செய்கிறோம் என்று சுவர்களின் மேல் மணலைப் பீய்ச்சி அடித்தும், சுண்ணாம்பையும் வர்ணத்தையும் பூசியும் எழுத்துக்களை மாய்த்த கோயில்கள் உண்டு. பக்தியினால் செய்தாலும் அழிந்த எழுத்து அழிந்ததுதான். ராஜாக்களின் பெயர் பத்துக் கல்லில் இருக்கும். ஒன்று போனாலும் ஒன்பது மிஞ்சும். ஓலை எடுத்த பையனைப் போன்றவர்களுக்கு இருப்பது ஒரே ஒரு கல். அது போனால், இருபது கேள்வி அல்ல, இருபது லட்சம் கேள்வி கேட்டாலும் அவன் அகப்பட மாட்டான்.

ஆகையால் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த தடவை சொந்த ஊருக்குப் போகும்போது, சுவாமி தரிசனம் ஆனதும் கோயில் சுவரையும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். எழுத்து இருந்தால் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். அதன் மேல் யாராவது வர்ண வாளியோடு நின்றால், மரியாதையாகத் தடுத்து நிறுத்துங்கள். பிறகு வீட்டுக்கு வந்து விளையாட்டை ஆரம்பிக்கலாம். குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பெரியவர்கள் தோற்பதற்குத் தயாராக இருங்கள். சுண்டலை மட்டும் சற்று அதிகமாகவே செய்து வைப்பது நல்லது.