காட்டுக

இலங்கையில் உயர்தரத்துக்கு அளவையியல் எடுத்தவர்களிடம் ‘காட்டுக’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். நிறுவ வேண்டியதை அந்தச் சொல்லோடு எழுதித்தான் பெறுகையைத் தொடங்குவோம். எடுகூற்றுகளைப் பிடித்து ஒவ்வொரு வரியாக இறங்குவோம். வர வேண்டியது வந்ததும் மேலே போய் ‘காட்டுக’வைக் கோடிட்டு வெட்டி, கீழுள்ள வரிகளை அடிமட்டம் வைத்துப் பெட்டிக்குள் அடைப்போம். வெட்டிய வரியை இனித் தாராளமாக எடுத்தாளலாம். பெட்டிக்குள் போனதைத் தொடக்கூடாது. கலிஷ், மொண்டேகு என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் 1964இல் வெளியிட்ட நூலின் முறை இது. ஓட்டமாவடியில் ஓலைக்கொட்டில் டியூஷன் வகுப்பில் இருந்த எங்களுக்கு அது சேருடைய முறை, அவ்வளவுதான்.

முதலில் சுருக்கத் திட்டம் எழுத வேண்டும். நீளமான வாக்கியத்துக்கு ஓர் எழுத்து. சேர் உதாரணம் தேடித் தூரம் போகமாட்டார். அப்போது ஓட்டமாவடியில் ரயிலும் வாகனங்களும் ஒரே இரும்புப் பாலத்தால்தான் ஆற்றைக் கடக்கும். ‘பாலத்தில் ரயில் வந்தால் பஸ் நிற்கும்’ என்பார். பீ என்றால் ரயில் வருகிறது, கியூ என்றால் பஸ் நிற்கிறது, நடுவில் ஒரு →. பஸ் நிற்கவில்லை, ∴ ரயில் வரவில்லை. இது சரி. பஸ் நிற்கிறது, ∴ ரயில் வருகிறது என்றால்? வகுப்பு ‘ஓம்’ என்று கத்தும். “பாலத்துல மாடு நிண்டாலும் பஸ் நிக்கும்டா தம்பி” என்பார் சேர். வாய்ப்பற்ற வாதம் என்றால் என்னவென்று எனக்கு அந்த மாட்டால்தான் விளங்கியது.

இடப்பக்கம் எழுதிய குறிகள் உலகத்துக்குப் பொது. சமக்குறி 1557இல் ரொபர்ட் ரெக்கோர்ட் தந்தது. ‘ஆகவே’யின் மூன்று புள்ளிகள் 1659இல் யோகான் ரானின் நூலில் வந்தவை. அவற்றைத் தோஹாவிலும் எழுதலாம், டோக்கியோவிலும் எழுதலாம். வலப்பக்கம்தான் எங்களுடையது. ஒவ்வொரு வரியும் எந்த விதியால் வந்தது என்று அங்கே காரணம் காட்ட வேண்டும். விதித்து விதித்தல் விதி, வி.வி.வி. மறுத்து மறுத்தல் விதி, ம.ம.வி. சேர் ‘எந்த விதி?’ என்று கேட்டு வாய் மூடுமுன் ‘மமவி!’ என்று கொட்டில் அதிரும். எனக்கு ஏக்கமெல்லாம் அந்த வலப்பக்கத்தின் மேல்தான்.

இப்போது தோஹாவில் எனக்கு எக்செல் வேலை. இது உண்மையானால் அது, இல்லாவிட்டால் மற்றது என்று நாள் முழுக்க நிபந்தனை எழுதுகிறேன். கட்டத்தில் விடை விழுந்துவிடும். எந்த விதியால் விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. மமவி என்று சொன்னால் சிரிக்கவோ திருத்தவோ பக்கத்து மேசையில் ஆளும் இல்லை.

மச்சானின் மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு பெறுகையைப் படமெடுத்து அனுப்பி, “மாமா, ஏழாவது வரி எப்பிடி வந்த?” என்று கேட்டாள். பிரிண்டரில் இருந்து ஒரு தாளை உருவி, முழுவதையும் முதலிலிருந்து எழுதினேன். ஏழாவது வரிக்கு நேரே ம.ம.வி. போட்டு, காட்டுகவை வெட்டி, பெட்டி கட்டி அனுப்பினேன். “விளங்கிட்டு மாமா” என்று உடனே பதில் வந்தது. “இன்னும் ரெண்டு கணக்கு இருந்தா அனுப்பு மகள்” என்று எழுதினேன்.