விதிவிலக்கில் இருப்பது யாருடைய பிள்ளை?



தரம் 9க்குக் கணிதம் படிப்பிக்கிறேன். எங்கள் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு 14 வயது. அழிறப்பருக்குச் சண்டை பிடிக்கிற வயது. அவர்களை மனதில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. 16 வயதுக்குக் குறைந்த பெண் பிள்ளையுடன் பாலுறவு கொண்டால், அவள் சம்மதித்தாலும் அது வல்லுறவே. நல்ல சட்டம். ஆனால் அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு: அவள் 12 வயதைத் தாண்டிய மனைவி என்றால் குற்றமில்லை.

பொதுச் சட்டத்தில் திருமண வயதும் 1995இல் 18 ஆகிவிட்டது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமோ அப்படி எந்த வயதையும் கேட்கவில்லை. 12க்குக் குறைந்தால் மட்டும் காதியாரின் அனுமதி வேண்டும். பதிவில் மணப்பெண்ணின் கையெழுத்தையும் அது கேட்கவில்லை. ஆக, அந்த விதிவிலக்கில் நிற்பது நம் பிள்ளைகள்தான்.

"இந்தக் காலத்தில் யார் அப்படிக் கட்டிக் கொடுக்கிறார்கள்?" என்பீர்கள். குறைவுதான். அப்படியானால் சட்டத்தைத் திருத்துவதில் யாருக்கு நட்டம்? பிள்ளையைச் சீரழித்தவனுக்கே நிக்காஹ் செய்து வைத்து விஷயத்தை மூடப் பார்ப்பவர்களுக்குத்தான் இந்த ஓட்டை தைரியம் கொடுக்கிறது.

வலீ என்றால் பாதுகாவலர். வாப்பாமாரே, 18 வயது வேண்டும், மகளின் கையெழுத்து வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான். பள்ளி நிர்வாகக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள்.

பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் ஊர்ச் சமாதானத்துக்குக் காத்திருக்க வேண்டாம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.